சேர்மனைக் கடித்த மீன்

வெள்ளவத்தைக் கடலில் சிவபாதசுந்தரத்தை ஒரு மீன் கடித்தது. முதலில் அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காயமாகவும் அது இருக்கவில்லை. வலது கெண்டைக்காலில் நுளம்பு குத்தினாற்போல ஒரு சிவப்பு, அவ்வளவுதான். ஆனால் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் நிர்வாகக் குழுவுக்குத் தலைவராக இருக்கும் ஒருவர், உள்ளங்கை அகல மீனுக்குப் பயந்து தண்ணீரை விட்டு எழும்பி ஓடினார் என்ற கதை வெளியே போனால் நன்றாயிராது.

கட்டடத்தில் எல்லாரும் அவரைச் சேர்மன் என்றுதான் கூப்பிடுவார்கள். நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எல்லை என்றால் அவருக்கு உயிர். கீழே வாகனம் விடும் இடத்தில் வெள்ளைக் கோடுகளை அவரே குனிந்து நின்று அடித்தார். யாருடைய வாகனச் சில்லாவது கோட்டில் தொட்டால் அன்றே அந்த வீட்டுக் கதவில் அறிவித்தல் ஒட்டப்படும். வாசலுக்கு வெளியே செருப்பு எவ்வளவு தூரம் வரலாம் என்பதற்கும் அவரிடம் ஓர் அளவு இருந்தது.

காலையில் மரின் டிரைவ் வீதியைக் கடந்து, ரெயில் பாதையையும் கடந்து, கற்களில் இறங்கிக் கடலில் குளிப்பது அவருடைய வழக்கம். கற்களுக்கு நடுவில் ஒரு தொட்டி மாதிரிப் பள்ளம். வெளிக்கடலின் அலையடி அதற்குள் வராது. ஒரு பிளவு வழியாகத் தண்ணீர் மட்டும் வந்து போகும். ஆறு வருடமாக அவர் அதற்குள்தான் குளிக்கிறார். அங்கே குளிக்க வருகிற மற்றவர்களும் அதைச் சேர்மனின் தொட்டி என்று விட்டுவிட்டார்கள்.

கூட வருகிறவர் மூன்றாம் மாடி பலீல் ஹாஜியார். புறக்கோட்டையில் குடைக்கடை வைத்திருந்தவர். அவர் தண்ணீரில் கால் வைக்கமாட்டார். ஒரு பெரிய கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருப்பார்.

தை மாதம். கடல் குளத்துத் தண்ணீர் போலக் கிடந்தது. சிவபாதசுந்தரம் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது காலில் ஏதோ முட்டியது. குச்சி என்று நினைத்தார். மறுபடி முட்டியது. கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தார். கருநீல உடம்பில் கறுப்புப் பட்டிகள் போட்ட ஒரு மீன், செட்டைகளை விரித்துக்கொண்டு அவரை நேருக்கு நேர் பார்த்து நின்றது. மீன் என்றால் ஆளைக் கண்டு விலகிப் போகவேண்டும். இது விலகவில்லை. அவர் பெருவிரலை அசைத்தார். மீன் பாய்ந்து கெண்டைக்காலில் கடித்தது.

"ஆ!"

"என்ன சேர்மன்?" என்றார் பலீல், குடைக்குள்ளிருந்து.

"ஒண்டுமில்லை. கல்லுக் குத்திப்போட்டுது."

அடுத்த நாள் தொட்டியின் மறுபக்கத்தால் இறங்கினார். மீன் அந்தப் பக்கமும் வந்தது. அவர் உள்ளங்கையால் தண்ணீரில் அடித்து, "போ! போவெண்டு சொல்லுறன்!" என்று கத்தினார். மீன் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் கொத்திவிட்டு, தான் புறப்பட்ட இடத்துக்கே போய் நின்றுகொண்டு, இன்னும் வேண்டுமா என்பதுபோலப் பார்த்தது.

"யாரோட சண்ட புடிக்கிறீங்க?" என்று பலீல் எழும்பி வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும், "அல்லாவே, இந்தச் சின்ன மீனுக்கா?" என்று சிரிக்கத் தொடங்கினார். சிரித்த சிரிப்பில் குடை கைநழுவி, காற்றில் உருண்டு, ரெயில் பாதைப் பக்கமாக ஓடியது. பலீல் சிரித்துக்கொண்டே அதன் பின்னால் ஓடினார்.

மத்தியானத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பலீல் யாருக்கும் பொய் சொல்லவில்லை. ஆனால் கதை மாடி மாடியாக ஏறும்போது மீனும் வளர்ந்துகொண்டே போயிற்று. பின்னேரம் லிஃப்டில் சந்தித்த ஐந்தாம் மாடிப் பெண், "அங்கிள், சுறா கடிச்சதாமே! ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?" என்று கண்கலங்கக் கேட்டாள். சிவபாதசுந்தரம் மறுக்கவுமில்லை, ஓம் என்று சொல்லவுமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு நான்காம் மாடியில் இறங்கிவிட்டார்.

வீட்டில் மனைவி தவமலர் காயத்துக்கு மஞ்சள் பூசினாள்.

"இஞ்சருங்கோ, வேறை இடத்திலை குளியுங்கோவன். கடல் பெரிசுதானே."

"நான் ஏன் மாறோணும்? அது மாறட்டும்."

"அதுவும் உப்பிடித்தான் நினைக்குது போலை கிடக்கு."

சிவபாதசுந்தரம் அலுமாரியின் மேல்தட்டை அண்ணாந்து பார்த்தார். மகன் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் விளையாடிய காலத்துக் கால்பேட் இரண்டும் அங்கே பொலித்தீன் பையில் சுற்றிக் கிடந்தன.

மறுநாள் காலை நீளக் காற்சட்டைக்கு மேல் இரண்டு பேட்டையும் கட்டிக்கொண்டு, இடக்கையில் கேடயம் மாதிரி ஒரு சட்டி மூடியையும் பிடித்துக்கொண்டு, அவர் மரின் டிரைவைக் கடந்தார். ஓட்டோக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "அங்கிள், மெச் எக கொஹெத?" என்று கேட்டார். மேட்ச் எங்கே என்று சிவபாதசுந்தரத்துக்கும் சொல்லத் தெரிந்திருக்கவில்லை.

பேட்டுக்குள் இருந்தது பஞ்சு அல்ல, தண்ணீரில் மிதக்கும் ஸ்பொஞ்ச் என்பதை அவர் யோசித்திருக்கவில்லை. இடுப்பளவு தண்ணீருக்குப் போனதும் வலது கால் தானாக மேலே வந்தது. அதை அமத்தினார். இடது கால் வந்தது. இரண்டையும் சேர்த்து அமத்தப் பார்த்தபோது இரண்டும் சேர்ந்து வந்தன. அடுத்த கணம் கால்கள் இரண்டும் வானத்தைப் பார்த்து நிற்க, தலை தண்ணீருக்குள் போய்விட்டது. கையிலிருந்த சட்டி மூடி தனியே மிதந்து போயிற்று. மீன் இப்படியொரு வாய்ப்பை எதிர்பார்த்திருக்காது. ஆனால் விடவுமில்லை. காதில் கடித்தது.

அந்த நேரம் பார்த்துக் கோட்டைக்குப் போகும் ஒபிஸ் ரெயில் வந்தது. வாசல்களில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள், கடலுக்குள்ளிருந்து இரண்டு கிரிக்கெட் பேட்கள் எழும்பி உதைத்துக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். பெட்டி பெட்டியாக விசிலடித்தார்கள். கை தட்டினார்கள். பலீல் குடையை மடித்து, அதன் வளைந்த பிடியைச் சேர்மனின் பெல்ட்டில் கொளுவி இழுத்துக் கரை சேர்த்தார்.

யாரோ அதை வீடியோ எடுத்திருந்தார்கள். கட்டடத்து வட்ஸப் குழுவில் அது வந்த உடனேயே சிவபாதசுந்தரம் அழித்துவிட்டார். குழுவுக்கும் அவர்தான் தலைவர். ஆனால் பின்னேரம் கனடாவிலிருந்து மகன் போன் எடுத்தான்.

"அப்பா, அது என்ரை பேட் எல்லே?"

"ஆரடா உனக்கு அனுப்பினது?"

"எல்லாரும்."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் அவர் மூன்றாம் மாடிக்கு இறங்கினார். அவருக்கு அது சுலபமான காரியமல்ல. பலீலின் மகள் நிம்றா மீன் ஆராய்ச்சி செய்யும் ஓர் அரச நிறுவனத்தில் வேலை செய்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அவளுடைய ஸ்கூட்டரின் பின்சில்லு ஒவ்வொரு நாளும் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே நிற்கும் என்பதும் தெரியும். கடைசியாக அவர் ஒட்டிய அறிவித்தலை அவள் எழுத்துப்பிழை திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தாள்.

நிம்றாவே கதவைத் திறந்தாள். சிவபாதசுந்தரம் காதில் பிளாஸ்டரோடு நிமிர்ந்து நின்றார்.

"மீனைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இந்த பில்டிங்கிலை இருக்கினமோ எண்டு கேட்டுப்போக வந்தனான்."

"ஒரு ஆள் ஈக்கி அங்கிள். உள்ளுக்கு வாங்க. வீடியோ பாத்தேன். மீன் தெரியல்ல, உங்கட கால் மட்டும்தான் தெரிஞ்ச. எப்பிடி மீன்?"

அவர் விவரித்தார். அளவை உத்தியோகத்தர் என்பதால் நீளம், அகலம், பட்டிகளுக்கு இடையிலான தூரம் எல்லாம் சொன்னார்.

"நிறம் நீலமா? நல்லாத் தெரியுமா?"

"கருநீலம். முந்தி உதிலை திரிஞ்சதுகள் வெள்ளியும் மஞ்சளுமாத்தான் இருந்தது. இது வேறை சாதி."

"வேற சாதி இல்ல அங்கிள். அதே மீன்தான். இப்ப அது வாப்பா ஆகிட்டுது."

"என்ன ஆகீட்டுது?"

"வாப்பா. தகப்பன். ஆம்புள மீன் முட்டை காக்கிற நேரம் அந்த நிறத்துக்கு மாறும். உங்கட தொட்டியில எங்கயோ ஒரு கல்லைச் சுத்தம் பண்ணி முட்டை போட வெச்சீக்கி."

"அப்ப தாய் எங்கை?"

"முட்டையப் போட்டுட்டுப் போயிடும். பாக்கிறது எல்லாம் தகப்பன்தான். தாயும் ஒண்டு இல்ல, நாலஞ்சு பேர் வந்து போட்டுட்டுப் போயிருப்பாங்க."

சோபாவிலிருந்த பலீல் பேப்பரைக் கீழே வைத்தார். "நாலஞ்சு பேரும் ஒரே கல்லுலயா?"

"ஒரே கல்லுல, வாப்பா."

"சண்டை ஒண்டும் வராதா?"

"வராது."

பலீல் மீண்டும் பேப்பரைத் தூக்கினார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பக்கத்தையும் அவர் புரட்டவேயில்லை.

நிம்றா தொடர்ந்தாள். பொரிக்கும் வரைக்கும் அந்தத் தகப்பன் சரியாகச் சாப்பிடாது. செட்டையாலும் வாலாலும் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டே நிற்கும். பழுதான முட்டையைத் தேடிப் பொறுக்கி எறியும். கிட்டப் போகிற எதையும் கடிக்கும். தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய மீனையும் விரட்டும். நண்டோ, கடலுக்கடியில் நீந்தப் போகிற ஆட்களோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

"பசி கூடினா கொஞ்சம் முட்டையத் தின்னுறதும் ஈக்கி," என்றாள்.

"சொந்த முட்டையையோ!"

"கொஞ்சம்தான் அங்கிள்."

சிவபாதசுந்தரம் காதுப் பிளாஸ்டரைத் தடவிக்கொண்டார். பிறகு, "உதுக்கு ஒரு பேர் இருக்குமே," என்றார்.

"சார்ஜன்ட் மேஜர்."

"பிள்ளை, நான் பகிடிக்குக் கேக்கேல்லை."

"நானும் பகிடி விடல்ல. உலகம் முழுக்க அதுக்கு அந்தப் பேர்தான். ஆமி சார்ஜன்ட் கையில மாதிரிப் பட்டி போட்டீக்கிறதால."

சேர்மன் கதிரையில் சாய்ந்தார். சாதாரண மீன் ஒன்றிடம் தோற்றதற்கும் ஒரு சார்ஜன்ட் மேஜரிடம் தோற்றதற்கும் வித்தியாசம் இருந்தது. காதுவலி கொஞ்சம் குறைந்ததுபோல இருந்தது.

"ஒரு கிழமைக்குள்ள பொரிச்சிடும்," என்றாள் நிம்றா. "அது வரைக்கும் வேற இடத்துல குளிங்க."

"ஆறு வருசமா நான் அதுக்குள்ளைதான்..."

"அதுக்கு அது தெரியாது அங்கிள். நோட்டிஸ் ஒட்டினாலும் வாசிக்காது."

மறுநாள் காலை வேலைக்குப் போகமுதல் நிம்றாவும் கூட வந்தாள். கடலுக்கடியில் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். தொட்டிக்கு வெளியே, பிளவின் பக்கமாகக் கல்லில் குப்புறப் படுக்கச் சொல்லி, தலையை மட்டும் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னாள்.

ஆறு வருடமாகத் தான் எதற்குள் உட்கார்ந்து எழும்பியிருக்கிறார் என்பதைச் சிவபாதசுந்தரம் அன்றைக்குத்தான் பார்த்தார். கற்களில் முருகைக்கல், பவளம் என்பார்களே அது, மொட்டு மொட்டாக முளைத்திருந்தது. சில மொட்டுகள் மண்ணிறம், ஒன்றிரண்டு மெல்லிய ஊதா. பொந்துகளுக்குள் விரல்நுனி அளவான மீன்கள் தலையை நீட்டி அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போயின. சங்குகள் என்று அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தவை கால் முளைத்து நடந்தன. அவர் வழமையாக முதுகைச் சாய்க்கும் கல்லின் பக்கவாட்டில், பீட்ரூட்டைத் தேய்த்து விட்டதுபோலச் சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்கு ஓர் ஊதாத் திட்டு. முன்பொருநாள் இப்படி ஒரு கறையை அவர் ஊத்தை என்று நினைத்துத் தேய்த்துக் கழுவியது நினைவு வந்து அவருக்குத் துணுக்கென்றது.

கிட்டப் பார்த்தபோது அது முழுக்க முட்டை. ஆயிரக்கணக்கில். அரிசிக் குறுணியைவிடச் சிறியவை. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு வெள்ளிப் புள்ளிகள். அவை கண்கள் என்று விளங்கியபோது, அத்தனை கண்களும் தன்னைப் பார்க்கின்றன என்ற கூச்சத்தில் அவர் தலையை ஒருமுறை வெளியே எடுத்துவிட்டுத் திரும்பவும் உள்ளே வைத்தார்.

தகப்பன் வேலையில் இருந்தது. விசிறியது. குனிந்து தேடி, வெளுத்துப்போன ஒரு முட்டையைப் பிடுங்கித் துப்பியது. அந்த நேரம் சங்குக்குள் குடியிருக்கும் ஒரு நண்டு மெல்ல மெல்ல நடந்து வந்தது. மீன் பார்த்துக்கொண்டே நின்றது. கல்லில் இருந்த ஒரு வெடிப்பை நண்டு தாண்டியதும் மீன் பாய்ந்து, சங்கோடு வாயால் கவ்வித் தூக்கி, வெடிப்புக்கு அங்காலே கொண்டுபோய்ப் போட்டது. நண்டு மறுபடி வந்தது. மீன் மறுபடி தூக்கி அதே இடத்தில் போட்டது. வேறொரு மீன் கூட்டம் வந்தது. வெடிப்புக்கு வெளியே அவை என்ன செய்தாலும் இது கவனிக்கவில்லை. ஒன்று மூக்கை உள்ளே நீட்டியதும் கடி விழுந்தது.

சிவபாதசுந்தரம் தலையைத் தூக்கினார். மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"பிள்ளை! அது எல்லை வைச்சிருக்கு!"

"ஓ அங்கிள், அதுங்களுக்கு அப்பிடி..."

"இல்லை, நீர் விளங்காமல் கதைக்கிறீர். சரியான எல்லை. அந்த வெடிப்பிலையிருந்து இந்த மொட்டு மட்டும். ஒரு சாண் கூடுதலா அது கேக்கேல்லை! நான் முப்பது வருசம் அளந்தனான். இப்பிடி ஒரு நியாயமான ஆளை நான் கண்டதில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பலீல் குடையைக் கொஞ்சம் சரித்து அவருக்கும் நிழல் விட்டார்.

அன்றிலிருந்து சேர்மனின் தொட்டிக்குள் சேர்மன் உட்பட யாரும் இறங்கவில்லை. அவர் கழுத்தில் ஒரு விசிலைக் கட்டிக்கொண்டு காலையும் மாலையும் கற்களில் நின்றார். குளிக்க வந்தவர்களைக் கைகாட்டி அப்பால் அனுப்பினார். தூண்டில் போட வந்த ஒருவரோடு தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சண்டை பிடித்து, அவருக்கும் முட்டையைக் காட்டி, கடைசியில் அந்தத் தூண்டில்காரரே இரண்டு பேரை விரட்டும் அளவுக்கு ஆக்கிவிட்டார். தவமலர் போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"பென்ஷன் எடுத்தாப் பிறகு மீனுக்கு வாச்மேன் வேலை," என்றாள். ஆனாலும் அவளும் ஒருமுறை கண்ணாடியைப் போட்டு எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "பாவம், மெலிஞ்சுபோச்சு," என்றாள்.

சனிக்கிழமை பின்னேரம் ஒரு வான் வந்து நின்றது. அதிலிருந்து தலை முதல் கால் வரை நகை போட்ட ஒரு மணப்பெண்ணும், பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளையும், கமராக்களைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைப் போட்டோக்காரர் டெரிக்கும் இறங்கினார்கள். கல்யாணத்துக்கு முன்னர் எடுக்கும் படம். மாப்பிள்ளை தியாகு, புறக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பம். பெண் லக்ஷ்மிப்பிரியா. காலையிலிருந்து ஐந்து இடத்தில் படமெடுத்து, ஐந்து இடத்திலும் "கொஞ்சம் சிரிங்க" என்று கேட்கப்பட்டு, அவளுடைய முகம் இப்போது சிரிப்பதை முற்றாக நிறுத்திவிட்டிருந்தது.

டெரிக் கற்களைச் சுற்றிப் பார்த்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் முழங்கால் தண்ணீரில், பின்னால் ரெயில், முகத்தில் அந்தி வெயில். அதற்கு ஏற்ற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

விசில் ஊதியது.

"இதுக்குள்ளை இறங்கேலாது," என்றார் சிவபாதசுந்தரம்.

"அங்கிள், அஞ்சு நிமிசம். சூரியன் நமக்காக நிக்காது."

"ஏலாது."

"ஏன், ஆழமா?"

"ஆழமில்லை. தகப்பன் ஒருத்தர் உள்ளை இருக்கிறார்."

டெரிக் தண்ணீரைப் பார்த்தார். பிறகு சேர்மனின் முகத்தைப் பார்த்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றி, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எப்ப நடந்திச்சு அங்கிள்?"

"ஒரு அஞ்சாறு நாளிருக்கும்."

"டெட் பொடி இன்னும் எடுக்கல்லையா?"

"எந்தப் பொடி? அவர் சுகமா இருக்கிறார். பிள்ளையளைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

டெரிக் இரண்டடி பின்னால் போனார். "புள்ளைகளும் உள்ளுக்கா?"

"ஓம். ஆயிரக்கணக்கிலை."

டெரிக்குக்கு அந்த இடத்தை விட்டுப் போய்விடவேண்டும் போல இருந்தது. ஆனால் தியாகு பொறுமை இழந்துவிட்டான். "டெரிக், அவர் பெரியவர், ஏதோ கதைக்கிறார். வாங்க, வெளிச்சம் போகுது," என்று வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டான். சேர்மன் மூச்சு முட்ட விசிலை ஊதினார்.

முதல் கடி கெண்டைக்காலில். "ஐயோ!" என்று தியாகு மற்றக் காலுக்கு மாறினான். அந்தக் காலிலும் விழுந்தது. அவன் துள்ளினான். துள்ளியதில் வேட்டி நெகிழ்ந்தது. வேட்டியை இரண்டு கையாலும் பிடித்தான். பிடித்த இடத்துக்குக் கீழே மூன்றாவது கடி. "பாம்பு! பாம்பு!" என்று கத்திக்கொண்டு வழுக்கி, அப்படியே தண்ணீரில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் உட்கார்ந்த வேகத்தில் எழும்பினான். பலீல் அவசரத்தில் குடையை நீட்ட, அது அவன் முகத்துக்கு நேரே படாரென்று விரிந்தது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். லக்ஷ்மிப்பிரியா சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு பொத்தாமல். பிறகு நிற்க முடியாமல் பட்டுச்சேலையோடு கல்லில் உட்கார்ந்து, தலைப்பூ சரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண் மை கன்னம் வரைக்கும் வந்துவிட்டது. தியாகு குடைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். அவளுடைய சிரிப்பை அவனும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறான் போலும். வேட்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். நின்றதில் நான்காவது கடியும் வாங்கினான். அதைப் பார்த்து அவள் இன்னும் சிரித்தாள், பிறகு அவனும் சேர்ந்து சிரித்தான்.

டெரிக் படமெடுத்துக்கொண்டேயிருந்தார்.

"என்ன அங்கிள் கடிச்சது?" என்று கேட்டாள் லக்ஷ்மிப்பிரியா, மூச்சு வாங்கியபடி.

சிவபாதசுந்தரம் சொன்னார். எல்லையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். அவள் கண்ணாடியைக் கேட்டாள். நெற்றிச்சுட்டியைக் கழற்றிப் பலீலின் கையில் கொடுத்துவிட்டு, சேலை நனைவதைப் பொருட்படுத்தாமல் கல்லில் குப்புறப் படுத்து, தலையைத் தண்ணீருக்குள் விட்டாள். தியாகு அவளுடைய கூந்தல் நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டான். கல்யாண மண்டப வாசலில் அவர்கள் பெரிதாகப் போட்டு வைத்த படம் அதுதான் என்று டெரிக் பிறகு சொன்னார். குனிந்து நிற்கும் மாப்பிள்ளை, கையில் கூந்தல், முன்னால் தலையில்லாத மணப்பெண். ஓரத்தில் ஒரு ஹாஜியார் நெற்றிச்சுட்டியைக் கவலையோடு பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த நேரம் அங்கே வந்த நிம்றா தண்ணீருக்குள் பார்த்துவிட்டு, "கண் நல்லா மினுங்குது. இண்டைக்குத்தான்," என்றாள். "பொழுது பட்டதும் பொரிக்கும். இருந்து பாருங்க."

அதனால் எல்லாரும் இருந்தார்கள். டெரிக்கிடம் இருந்த சமோசாக்களைப் பகிர்ந்து தின்றார்கள். தவமலர் இரண்டாவது போத்தல் தேத்தண்ணியோடு வந்தாள். சூரியன் போய், வானம் சாம்பல் நிறமாகியதும் நிம்றா ஒரு சின்ன டோர்ச்சைத் தண்ணீருக்குள் பிடித்தாள். தகப்பன் மீன் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் விசிறிக்கொண்டிருந்தது. ஊதாத் திட்டிலிருந்து தூசு கிளம்புவதுபோல ஏதோ கிளம்பியது. வெளிச்சத்தில் பார்த்தால் தூசுக்கு வால் இருந்தது. ஒவ்வொரு தூசும் துடித்துத் துடித்து மேலே வந்தது. வற்றிப்போகும் தண்ணீர் அவற்றைப் பிளவு வழியாக வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று.

"இனி எங்கை போகும்?" என்றார் சிவபாதசுந்தரம்.

"ஆழக் கடலுக்கு. சில கிழமை அங்க மிதந்து திரியும். தப்புறது கொஞ்சம்தான். தப்பினா ஏதாவது கல்லைத் தேடி வரும்."

"இந்தக் கல்லுக்கோ?"

"எந்தக் கல்லுக்கும் வரலாம் அங்கிள். அதுங்க விலாசம் கொண்டு போறதில்ல."

கடைசித் தூசும் பிளவைத் தாண்டியது. பிறகு தியாகு மெதுவாகக் கை தட்டினான். எல்லாரும் தட்டினார்கள். ரெயில் ஒன்று கடந்து போனது. வாசலில் நின்றவர்கள் இவர்கள் எதற்குத் தட்டுகிறார்கள் என்று தெரியாமல் தாங்களும் தட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை சிவபாதசுந்தரம் தயங்கித் தயங்கித் தொட்டிக்குள் இறங்கினார். மீன் அங்கேதான் நின்றது. நீலம் வெளிறி, முதுகில் மஞ்சள் திரும்பவும் வரத் தொடங்கியிருந்தது. அவர் வெடிப்பைத் தாண்டி ஒரு காலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு காலையும் வைத்தார். பெருவிரலை ஆட்டினார். மீன் அவருடைய குதிக்காலுக்குப் பக்கத்தில் இருந்த பாசியைக் கொறித்துவிட்டு, அவரை ஒரு கல் என்று நினைத்ததுபோலச் சுற்றிக்கொண்டு பிளவுப் பக்கம் போனது. அங்கே அதே பட்டி போட்ட ஏழெட்டு மீன்கள் திரிந்தன. கொஞ்ச நேரத்தில் எது சார்ஜன்ட், எது மற்றது என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று.

"கடிக்கல்லையா சேர்மன்?" என்றார் பலீல்.

"இல்லை."

"நல்லம்தானே."

"ஓம், நல்லம்தான்," என்றார் அவர். குரலில் அப்படித் தெரியவில்லை. மூச்சுப் பயிற்சி செய்யாமலே எழும்பி வந்துவிட்டார்.

வீட்டில் தவமலர் இடியப்பத் தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். "இண்டைக்கு என்ன செய்தவர்?" என்று கேட்டாள்.

"என்னைத் தெரியாத மாதிரிப் போறார்."

"நல்லாச் சாப்பிடுறாரோ?"

"பாசி தின்னுறார்."

"அது காணும். இனி உடம்பு தேறீடும்," என்றாள் தவமலர். "துவாயாலை தலையைத் துடைச்சுப்போட்டு வாங்கோ, சொதி ஆறுது."